அப்பத்தா வீட்டு மோட்டாரும் பிரவுசரில் ஒரு பொத்தானும்

பொன்னமராவதிப் பக்கம் பல வீடுகளில் அறைகள் அதிகம், ஆட்கள் குறைவு. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ துபாயிலோ சென்னையிலோ இருப்பார்கள். வீட்டில் அப்பத்தா மட்டும், அல்லது அப்பத்தாவும் தாத்தாவும். அந்த வீடுகளில் அன்றாடம் நடக்கும் ஒரு சின்னப் போராட்டம், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது. மோட்டாரைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனால் மறந்துவிடும். தொட்டி நிரம்பி மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தத்தைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் குரல் கொடுப்பார். முழங்கால் வலியோடு ஓடிவந்து நிறுத்த வேண்டும். போர் வற்றிய நாளில் இன்னும் மோசம். தண்ணீரே ஏறாமல் மோட்டார் மட்டும் சுற்றிச் சூடேறும்.

இதற்குக் கடைகளில் 'ஸ்மார்ட்' கருவிகள் கிடைக்கின்றன. கைபேசியில் ஒரு செயலியை இறக்கி, கணக்குத் தொடங்கி, சிங்கப்பூரிலிருந்தே மோட்டாரை நிறுத்தலாம் என்று விளம்பரம் சொல்கிறது. நிறுத்தலாம்தான். ஆனால், அந்தக் கட்டளை பல கருவிகளில் வீட்டுக்கு நேராக வருவதில்லை. எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து பொன்னமராவதிக்குத் திரும்பி வருகிறது. அந்த சர்வர் ஒருநாள் மூடப்பட்டால்?

சர்வர் போனால் கருவியும் போச்சு

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவில் 'ரிவால்வ்' என்ற கருவி சுமார் 300 டாலருக்கு விற்றது. கூகுளின் குடும்பத்தைச் சேர்ந்த நெஸ்ட் நிறுவனம் 2014-ல் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2016 மே மாதம் சேவையை நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் அந்தக் கருவி வெறும் பெட்டியாகிவிட்டது. 2022 ஏப்ரலில் 'இன்ஸ்டியான்' நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. சில வாரங்கள் கழித்து வாடிக்கையாளர்களில் சிலரே சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கி மீண்டும் ஓடவிட்டார்கள். பெல்கின் நிறுவனம் தன் 'வீமோ' வரிசைக் கருவிகள் பலவற்றுக்கான ஆதரவை 2026 ஜனவரி 31-உடன் முடிப்பதாக 2025-ல் அறிவித்தது.

இந்தக் கருவிகளுக்குள் இருந்த மின்சுற்று கெட்டுப்போகவில்லை. அதை ஆட்டிவைத்த மென்பொருளின் கடிவாளம் வேறொருவர் கையில் இருந்தது, அவ்வளவுதான். கருவிக்குள்ளேயே நிரந்தரமாகப் பதிந்திருக்கும் அந்த மென்பொருளுக்குத்தான் 'ஃபர்ம்வேர்' என்று பெயர். அதை மாற்ற முடிந்தால் கடிவாளமும் வீட்டுக்காரர் கைக்கு வரும்.

மாற்ற முடியும் என்பது பத்து ஆண்டுகளுக்கு மேலாகவே தெரிந்த விஷயம். அதற்கு லேப்டாப்பில் ஒரு பிரவுசரும் ஒரு யு.எஸ்.பி. ஒயரும் போதும் என்ற நிலை வந்ததுதான் சமீபத்திய மாற்றம்.

சிங்கப்பூர்க்காரர் தொடங்கிய சிப் கம்பெனி

இந்தக் கதையின் நாயகன் கட்டைவிரல் நகம் அளவே உள்ள ஒரு சிப். சிங்கப்பூரைச் சேர்ந்த டியோ ஸ்வீ ஆன் என்ற பொறியாளர் 2008-ல் சீனாவின் ஷாங்காய் நகரில் எஸ்பிரெஸிஃப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனத்தின் இ.எஸ்.பி.8266 என்ற வைஃபை சிப் 2014-ல் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் கைக்கு வந்தது. கூடவே வந்த விவரக் குறிப்புகள் பெரும்பாலும் சீன மொழியில்தான் இருந்தன. ஆர்வலர்களே அவற்றை மொழிபெயர்த்துப் புரிந்துகொண்டார்கள். வைஃபையோடு சேர்ந்த ஒரு குட்டிக் கணினி இவ்வளவு மலிவாக அதுவரை கிடைத்ததில்லை. 2016-ல் அதன் அடுத்த தலைமுறையாக இ.எஸ்.பி.32 வந்தது. சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைன் கடைகளிலும் இந்த சிப் பொருத்திய போர்டுகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன.

சிப் வந்ததும் அதற்கான இலவச ஃபர்ம்வேர்கள் வந்தன. நெதர்லாந்தைச் சேர்ந்த தியோ ஆரென்ட்ஸ் உருவாக்கியது 'டாஸ்மோட்டா'. பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் அவர் பெயரின் சுருக்கம். அடுத்து வருவது சோனாஃப் என்ற ஸ்விட்ச் வகையைக் குறிக்கும் எழுத்து. ஆட்டோ வின்டர் என்பவர் 2018-ல் தொடங்கியது 'இ.எஸ்.பி.ஹோம்'. அது இப்போது 'ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. வண்ண எல்.இ.டி. விளக்குகளுக்கென்றே கிறிஸ்டியன் ஷ்வின்னே உருவாக்கியது 'டபிள்யூ.எல்.இ.டி.'. மூன்றுக்கும் காசு கிடையாது. மூன்றுமே எந்த நிறுவனத்தின் சர்வரையும் நம்பாமல் வீட்டு வைஃபைக்குள்ளேயே இயங்கக்கூடியவை.

அப்படியானால் எல்லா வீட்டிலும் ஏன் இது வரவில்லை? ஏற்றுவது பெரும்பாடாக இருந்தது. பைத்தான் என்ற மென்பொருளை லேப்டாப்பில் நிறுவ வேண்டும். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். இ.எஸ்.பி.32 என்றால் பூட்லோடர், பார்ட்டிஷன் அட்டவணை, பிரதான நிரல் என்று தனித்தனிக் கோப்புகளை சிப்பின் நினைவகத்தில் தனித்தனி முகவரிகளில் எழுத வேண்டும். ஒரு எண் தப்பினால் போர்டு பேசாது. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களே பாதியில் விட்டுவிடுவார்கள்.

2021 திறந்த கதவு

2021 மார்ச் மாதம் கூகுள் குரோம் பிரவுசரின் 89-வது பதிப்பில் 'வெப் சீரியல்' என்ற வசதி வந்தது. ஒரு இணையப் பக்கம், பயனாளரின் அனுமதியோடு, யு.எஸ்.பி.யில் செருகியிருக்கும் கருவியுடன் நேரடியாகப் பேசலாம் என்பதுதான் அதன் சாரம். அதே ஆண்டில் இ.எஸ்.பி.ஹோம் குழுவினர் அதைப் பயன்படுத்தி 'இ.எஸ்.பி. வெப் டூல்ஸ்' என்ற கருவியை உருவாக்கிப் பொதுவில் வைத்தார்கள். எந்த ஃபர்ம்வேர் குழுவும் தன் பக்கத்தில் ஒரு 'இன்ஸ்டால்' பொத்தானை வைத்துக்கொள்ளலாம் என்றானது.

வேலை நடக்கும் விதம் எளிது. போர்டை லேப்டாப்பில் செருகி, ஃபர்ம்வேர் குழுவின் அதிகாரப்பூர்வப் பக்கத்தைத் திறந்து, இன்ஸ்டால் பொத்தானை அழுத்த வேண்டும். எந்தக் கருவியுடன் பேச வேண்டும் என்று கேட்டு பிரவுசர் ஒரு சின்னப் பட்டியலைக் காட்டும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பக்கத்துக்கு அந்த ஒரு கருவியுடன் மட்டும் பேச அனுமதி கிடைக்கும். எந்த வகை சிப் என்பதை அதுவே கண்டுபிடித்து, பொருத்தமான கோப்புகளைச் சரியான முகவரிகளில் எழுதும். பழையதை அழிக்கவா என்று கேட்கும். முதல் முறை என்றால் அழிப்பதே நல்லது. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பிறகு, அதே திரையில் வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும் வசதி பல ஃபர்ம்வேர்களில் இருக்கிறது.

இதற்கு லேப்டாப் அல்லது டெஸ்க்டாப்பில் குரோம் அல்லது எட்ஜ் பிரவுசர் வேண்டும். ஆப்பிளின் சஃபாரியில் இந்த வசதி இல்லை. ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மோஸில்லா, ஒரு இணையப் பக்கம் கருவிகளைத் தொடுவது ஆபத்து என்று நீண்ட காலம் தயங்கியது. அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. கண்ட பக்கத்தில் இன்ஸ்டால் பொத்தானை அழுத்தினால் கண்ட ஃபர்ம்வேர் உள்ளே வரும். அதனிடம்தான் வீட்டு வைஃபை பாஸ்வேர்டையும் கொடுக்கிறார்கள். யூடியூப் வீடியோவின் கீழே இருக்கும் ஏதோ ஒரு இணைப்பைத் தொடாமல், அந்தந்தக் குழுவின் சொந்தப் பக்கத்துக்குப் போய் ஏற்றுவதே பாதுகாப்பு.

எங்கே சிக்கும்?

பொங்கல் விடுமுறைக்கு வந்த கல்லூரிப் பேரன் ஒருவன் இந்த வேலையில் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். அவன் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் நான்கு.

முதலாவது, ஒயர். வீட்டில் கிடக்கும் பல யு.எஸ்.பி. ஒயர்கள் சார்ஜ் போட மட்டுமே ஆனவை. அவற்றில் தகவல் போகும் கம்பிகளே இருக்காது. போர்டில் விளக்கு எரியும், பிரவுசர் பட்டியலோ காலியாக இருக்கும். கைபேசியிலிருந்து லேப்டாப்புக்குப் படம் ஏற்றப் பயன்பட்ட ஒயரை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது, டிரைவர். பல போர்டுகளில் யு.எஸ்.பி.க்கும் இ.எஸ்.பி. சிப்புக்கும் நடுவே சி.எச்.340 அல்லது சி.பி.2102 என்ற இன்னொரு சிப் இருக்கும். பழைய விண்டோஸ் லேப்டாப் என்றால் அதற்கான டிரைவரை, அதைத் தயாரித்த நிறுவனத்தின் பக்கத்திலிருந்து இறக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பூட் பொத்தான். சில போர்டுகள் தாமாக ஏற்றும் நிலைக்குப் போகாது. 'கனெக்ட் ஆகவில்லை' என்று திரை சொன்னால், போர்டில் 'பூட்' என்று எழுதியிருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி இன்ஸ்டால் கொடுக்க வேண்டும். பாதியில் கரன்ட் போனாலும் பயப்பட வேண்டியதில்லை. ஃபர்ம்வேரை ஏற்றிக்கொள்ளத் தேவையான அடிப்படை நிரல் சிப்பின் அழிக்க முடியாத பகுதியில் இருக்கிறது. அதனால், அநேகமாக எப்போதுமே முதலிலிருந்து மறுபடி ஏற்றிவிடலாம்.

நான்காவது, வைஃபை. இ.எஸ்.பி.8266, இ.எஸ்.பி.32 இரண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்குபவை. புதிய ரவுட்டர்கள் பலவும் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டும். கருவி இணையவில்லை என்றால் ரவுட்டர் அமைப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துப் பார்க்கலாம்.

முதல் முயற்சியிலேயே மோட்டாரில் கை வைக்காமல் இருப்பது புத்திசாலித்தனம். 5 வோல்ட்டில் ஓடும் எல்.இ.டி. பட்டை ஒன்றை வாங்கி, டபிள்யூ.எல்.இ.டி. ஏற்றி, கார்த்திகைக்கோ பொங்கலுக்கோ திண்ணையில் கட்டிப் பழகலாம். முப்பது விளக்குகள் முழு வெள்ளையில் எரிந்தால் சுமார் 1.8 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தகுந்த அடாப்டர் வேண்டும். தவறு செய்தால் ஒரு பட்டை போகும், அவ்வளவுதான். கற்றுக்கொள்ள அதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை.

230 வோல்ட்டோடு விளையாட்டு இல்லை

பிரவுசரில் ஏற்றுவது சுலபமாகிவிட்டதால், மீதி எல்லாமே சுலபம் என்ற நினைப்பு வரும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கடையில் வாங்கிய ரெடிமேட் ஸ்மார்ட் ஸ்விட்சைத் திறந்து, அதன் ஃபர்ம்வேரை மாற்றுபவர்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலும் யு.எஸ்.பி. துளை இருக்காது. உள்ளே இருக்கும் நான்கு புள்ளிகளில் ஒயர் பிடித்து, 3.3 வோல்ட் கொடுக்கும் தனி அடாப்டர் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் ஸ்விட்ச் வீட்டு மின்சாரத்தோடு இணைந்திருக்கவே கூடாது. இப்படிப்பட்ட பல ஸ்விட்சுகளின் உள்சுற்று மெயின் லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கும். பிளக்கில் செருகிய நிலையில் தொட்டால் லேப்டாப் மட்டும் போகாது, உயிரும் போகலாம். அதோடு, திறந்த கருவிக்கு வாரன்ட்டி கிடைக்காது. இ.எஸ்.பி.க்குப் பதில் வேறு சிப் உள்ளே இருந்தால் இந்த ஃபர்ம்வேர்கள் ஏறாமலும் போகலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு யு.எஸ்.பி. துளை உள்ள தனி போர்டே நல்லது. ஃபர்ம்வேர் ஏற்றி, மேஜையிலேயே சோதித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அது ஸ்டார்ட்டர் பெட்டிப் பக்கம் போக வேண்டும்.

மோட்டாரிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1 எச்.பி. மோட்டார் என்றால் 746 வாட் வேலை செய்வது. ஓடும்போது சில ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால், கிளம்பும் அந்த நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். போர்டுகளோடு வரும் '10 ஆம்பியர்' என்று எழுதிய குட்டி நீல ரிலே அதைத் தொடர்ந்து தாங்காது. உள்ளே உலோகம் ஒட்டிக்கொண்டுவிட்டால், நிறுத்தச் சொன்னாலும் மோட்டார் நிற்காது. அந்தக் குட்டி ரிலே, 'கான்டாக்டர்' என்ற பெரிய காந்த ஸ்விட்சை மட்டும் இயக்க வேண்டும். மோட்டாரின் மின்சாரம் கான்டாக்டர் வழியாகப் போக வேண்டும். இந்த இணைப்பை ஊரில் மோட்டார் வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். பேரன் பிரவுசரோடு நிறுத்திக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

தொட்டி நிறைந்ததைச் சொல்ல விலை உயர்ந்த சென்சார் தேவையில்லை. நீரோடு மிதந்து மேலே வரும் ஃப்ளோட் ஸ்விட்ச் ஒன்று போதும். சின்ன மின்னழுத்தத்தில் வேலை செய்யும், எளிதில் கெடாது.

பொன்னமராவதிக்கு வேண்டிய இரண்டு அமைப்புகள்

ஃபர்ம்வேர் ஏற்றி முடித்ததும் பலர் செய்யாமல் விடுவது இது. டாஸ்மோட்டாவை எடுத்துக்கொண்டால், கரன்ட் போய்த் திரும்பி வரும்போது ரிலே முன்பு எந்த நிலையில் இருந்ததோ அதே நிலைக்குத் திரும்புவதுதான் அதன் இயல்பான அமைப்பு. பராமரிப்புப் பணி என்று காலையில் நிறுத்திய மின்சாரம் சாயங்காலம் வரும் ஊரில் இது சரிப்படாது. மோட்டார் ஓடும்போது கரன்ட் போயிருந்தால், கரன்ட் வந்ததும் யாரும் தொடாமலேயே மோட்டார் கிளம்பிவிடும். யாராவது அதற்குள் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால்? அதனால், டாஸ்மோட்டாவின் கன்சோல் பக்கத்தில் 'பவர் ஆன் ஸ்டேட்' என்ற அமைப்பை 0 என்று மாற்ற வேண்டும். கரன்ட் வந்தாலும், ஒருவர் போடும் வரை மோட்டார் ஓடாது.

இரண்டாவது, 'பல்ஸ் டைம்'. ஃப்ளோட் ஸ்விட்ச் சிக்கிக்கொண்டாலும், வைஃபை போனாலும், குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் மோட்டார் ஓடாமல் இது நிறுத்திவிடும். எத்தனை நொடி வேண்டுமோ அதோடு 100-ஐக் கூட்டிக் கொடுப்பது டாஸ்மோட்டாவின் வழக்கம். தொட்டி நிறைய 25 நிமிடம் ஆகும் வீட்டில் 30 நிமிட வரம்பு வைக்கலாம். 30 நிமிடம் என்பது 1,800 நொடி. ஆகவே 1900 என்று கொடுக்க வேண்டும். போர் வற்றினாலும் மோட்டார் மணிக்கணக்கில் வெறுமனே சுற்றாது. இந்தக் கணக்கு போர்டுக்குள்ளேயே நடக்கிறது. இணையம் தேவையில்லை, சிங்கப்பூரிலிருந்து யாரும் பார்த்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை.

இதோடு, கருவியின் பக்கத்துக்கு ஒரு பாஸ்வேர்டு வைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பார்க்கும் ஆசையில் ரவுட்டரில் போர்ட் திறந்துவிடக் கூடாது. அது வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது மாதிரி. அவசியம் என்றால் வி.பி.என். போன்ற பூட்டிய வழியை, விவரம் தெரிந்தவரைக் கொண்டு அமைத்துக்கொள்ளலாம். போர்டை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், முதலில் அதே பிரவுசர் பக்கத்தில் முழுக்க அழித்துவிட வேண்டும். வீட்டு வைஃபை பாஸ்வேர்டு அதற்குள்தான் இருக்கிறது.

பேரன் ஊருக்குப் போன பிறகு

நிறுவனத்தின் சர்வரிலிருந்து கடிவாளத்தை வாங்கியாயிற்று. இப்போது அது யார் கையில் இருக்கிறது? பேரன் கையில். விடுமுறை முடிந்து அவன் திருச்சிக்கோ சென்னைக்கோ பஸ் ஏறிவிடுவான். அடுத்த வாரம் மோட்டார் ஓடவில்லை என்றால் அப்பத்தா என்ன செய்வார்? "ஏய்யா, நீ போட்ட பெட்டி வேலை செய்யலய்யா" என்று போன் செய்வார். அவன் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பான். சர்வரை நம்பியிருந்த வீடு, இப்போது ஒரே ஒரு ஆளை நம்பியிருக்கும். பெரிய வித்தியாசம் இல்லை.

அதனால், வேலை முழுமை அடைய மூன்று விஷயங்கள் பாக்கி இருக்கின்றன. முதலாவது, பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றக் கூடாது. 'கை', 'ஆட்டோ' என்று இரண்டு நிலை உள்ள ஒரு மாற்று ஸ்விட்சை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்த வேண்டும். 'கை' பக்கம் திருப்பினால் போர்டு இருந்தாலும் செத்தாலும் பழையபடி பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான் வேலை செய்ய வேண்டும். அப்பத்தாவுக்கு நாற்பது வருஷமாகத் தெரிந்த வேலை அது.

இரண்டாவது, ஒரு பழைய டைரியில் விவரம் எழுதி ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். எந்த போர்டு, எந்த ஃபர்ம்வேர், அதன் பக்கத்துக்கு எந்த முகவரி, போர்டின் எந்தக் காலில் ரிலே, எதில் ஃப்ளோட் ஸ்விட்ச், என்ன அமைப்பு மாற்றப்பட்டது, எந்தத் தேதியில் என்பதெல்லாம் தமிழில் இருக்கட்டும். பாஸ்வேர்டை மட்டும் தனியாக பீரோவில் வைக்கலாம். ஃபர்ம்வேரின் அமைப்புகளை ஒரு கோப்பாகச் சேமிக்கும் வசதியும் உண்டு. அதை வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவைக்கலாம்.

மூன்றாவது, அதே ஃபர்ம்வேர் ஏற்றிய இன்னொரு போர்டு. சில நூறு ரூபாய்தான். முதல் போர்டு இடி மின்னலில் போய்விட்டால், எலெக்ட்ரீஷியனே கழற்றி மாட்டிவிடலாம். அதுவும் இல்லை என்றால், பிரவுசரில் ஏற்றத் தெரிந்த பிள்ளை யாராவது அந்த டைரியைப் பார்த்துச் செய்துவிடலாம். நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் உள்ள பள்ளிகளில் பிள்ளைகள் இந்த மாதிரி போர்டுகளைக் கையில் எடுத்துப் பழகுகிறார்கள். பக்கத்துத் தெருவிலேயே அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும்.

பஸ் ஏறுவதற்கு முதல் நாள் பேரன் ஒரு சோதனை செய்து பார்க்கட்டும். ரவுட்டரை அணைத்துவிட்டு, கைபேசியை எடுத்து வைத்துவிட்டு, அப்பத்தாவைத் தனியாகத் தொட்டியை நிரப்பச் சொல்ல வேண்டும். பேரனைக் கூப்பிடாமல் அவர் மோட்டாரைப் போட்டு, தொட்டி நிறைந்து, மோட்டார் நின்றால் வேலை முடிந்தது. கூப்பிட வேண்டியிருந்தால், டைரியில் இன்னும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது.